என் காலில் அவள் வளர்த்த புழுக்கள்

புழு வைத்தால் வலிக்குமா, நெளிவது தெரியுமா, அருவருப்பாக இருக்காதா என்று பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள்கூட இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கும், அந்த ஆளின் காலில் ஆறாத புண் இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வலித்ததா என்றால், கொஞ்சம் வலித்தது. அருவருப்பு எனக்கு இல்லை, ஏனென்றால் அந்த வகைப் புழுக்களைப் பல வருடமாக வளர்த்துக் கொடுத்தவளே நான்தான். என்னால் தாங்க முடியாமல் போனது வேறு விஷயம். என் காலுக்கு வந்த புழுக்களை வளர்த்தவள் என்னோடு வேலை செய்யும் ரிஸ்வானா.

என் பெயர் புஷ்பராணி. வத்தேகமயில் வீடு. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூட வேலை, எல்லோருக்கும் நான் புஷ்பா மிஸ். ஆய்வுகூடத்தின் பின்பக்கம், சலவைக்கூடத்தைத் தாண்டினால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதை நாங்கள் ஈ அறை என்போம். வலை அடித்த கூடுகளுக்குள் பளபளக்கும் பச்சை ஈக்கள். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த என் சொந்தக்காரர்கள் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். படிக்க வைத்ததே ஈ ஓட்டத்தானா என்று சித்தப்பா கேட்டார். ஓட்டுவதற்கில்லை, வளர்ப்பதற்கு என்று நான் சொன்னதும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

வேலை இதுதான். ஈக்களுக்குச் சீனியும் பால்மாவும் தண்ணீரும் வைக்க வேண்டும். முட்டை வேண்டுமென்றால் ஒரு துண்டு மாட்டு ஈரலைக் கூட்டுக்குள் வைக்க வேண்டும். கொஞ்சம் வாடை பிடித்த ஈரலில் அவை கொத்துக்கொத்தாக முட்டை இடும். அந்த முட்டைகளைப் பிரித்து, கிருமி கொல்லும் கரைசலில் கழுவி, சுத்தமான போத்தலுக்குள் பொரிய விட வேண்டும். மறுநாள் ரவையைவிடச் சிறிய புழுக்கள் வந்துவிடும். அவற்றில் சிலவற்றை எடுத்து நசுக்கி, கிருமி வளரக்கூடிய தட்டில் தடவி, சூட்டுப்பெட்டியில் இரண்டு நாள் வைப்போம். தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால் அந்தத் தொகுதி சுத்தம், வாட்டுக்குப் போகலாம். அதுவரை மீதிப் புழுக்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் அரைத் தூக்கத்தில் காத்திருக்கும். புண்ணில் விட்டால் அவை செத்த சதையைக் கரைத்துக் குடிக்கும், உயிருள்ள சதையைத் தொடாது. கத்தி எடுத்தால் இரண்டும் சேர்ந்து போகும். புழு அப்படிச் செய்யாது.

இதையெல்லாம் நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஒரு மழைக்காலத்தில் கூடு முழுதும் செத்துப்போய், வத்தேகம சந்தைக்குப் பின்னால் குப்பைமேட்டில் வலையோடு நின்று ஈ பிடித்துத் திரும்பவும் தொடங்கியிருக்கிறேன். ஆகவே மலேசியாவுக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கப் போனேன். அனுப்பியது ரிஸ்வானாவை. அவள் பிலிமத்தலாவைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், ஈ அறைக்கு வந்து அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள், பரீட்சையில் நல்ல புள்ளி. அவ்வளவுதான். அவள் திரும்பி வந்து எனக்கு ஒரு சொக்லட் பெட்டி கொடுத்தாள். சீனி வருத்தக்காரிக்குச் சொக்லட். அவளுக்கு என் வருத்தம் தெரியாது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் அதை ஒரு குற்றமாகவே சொன்னேன்.

புண் வந்ததும் இந்த வயிற்றெரிச்சலால்தான். அமைச்சிலிருந்து பெரிய அதிகாரிகள் ஈ அறையைப் பார்க்க வந்தார்கள். அன்றைக்கென்று புதுச் சப்பாத்து வாங்கியிருந்தேன், முன்பக்கம் கூரானது, கொஞ்சம் இறுக்கம். காலையிலிருந்து மாலைவரை நான் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் ரிஸ்வானா விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாள். ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்கு அவர்களை நானே நடத்திக்கொண்டு போனேன், எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். கால் கடித்ததா என்றால் தெரியாது. சீனி பல வருடம் உடம்பில் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும், முள் குத்தினாலும் மூளைக்குச் செய்தி போகாது. நியூரோபதி என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது காலுறை சின்னிவிரல் பக்கம் ஈரமாக இருந்தது. கொப்புளம், இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான்.

அது காயவில்லை. விரலுக்குக் கீழே கறுத்தது, பிறகு வாடை வந்தது. அந்த வாடையை என் மூக்குக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒரு மாதம் நான் அதைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு நாள் ரிஸ்வானா கூட்டருகே நின்றவள் என் காலைப் பார்த்தாள். கூட்டுக்குள் இருந்த இரண்டு ஈக்கள் வலையின் இந்தப் பக்கமாக, என் காலை நோக்கி வந்து ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் சக்கர நாற்காலி கொண்டுவரப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த காத்திருப்பைச் சொன்னால் எல்லோருக்கும் பழக்கமானதுதான். கிளினிக்கில் நீளமான வாங்கு, கையில் இலக்கத் துண்டு, முன்னால் இருக்கிறவர் எழும்பினால் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்கார வேண்டும். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்புக்குள் போய்விட்டதா என்று பார்க்க. போகவில்லை. கணுக்காலில் பசை தடவி ஒரு சின்னக் கருவியை வைத்து இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார்கள். சத்தம் பலவீனமாக இருந்தாலும் இருந்தது. மூன்று மாதச் சீனி என்று ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, இன்றைக்கு மட்டும் சாப்பிடாமல் வந்து டொக்டரை ஏமாற்ற முடியாது, மூன்று மாதமாக நாம் என்ன சாப்பிட்டோம் என்று அது சொல்லிக் கொடுத்துவிடும். என்னையும் சொல்லிக் கொடுத்தது. பிறகு வாட்டில் ஒரு கட்டில் கிடைத்தது. என் சாம்பிள்களை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகிறவர் தினமும் பழகிய ஆள், அவர் என்னைப் பார்க்காமல் போத்தலை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களவர், என்னோடு சிங்களத்திலேயே பேசுவார், பல வருடம் என் புழுக்களைத் தன் நோயாளிகளுக்கு வைத்தவர். அவர் சுற்றி வளைக்கவில்லை. செத்த சதை ஆழமாகப் போயிருக்கிறது, வெட்டிச் சுரண்டினால் நல்லதும் சேர்ந்து போய்விடும், இரத்த ஓட்டம் குறைவானதால் பிறகு ஆறாது. புழு வைத்துப் பார்க்கலாம். ஆனால் கையிருப்பில் இருந்த தொகுதி வேறொரு நோயாளிக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமைக்குள் புதிய தொகுதி வந்தால் வைப்போம், வராவிட்டால் புதன்கிழமை சத்திரசிகிச்சைத் தியேட்டர் பட்டியலில் உங்கள் பெயர் என்றார். எதை வெட்டுவீர்கள் என்று கேட்டேன். பாதத்தின் முன்பாதி என்று தன் உள்ளங்கையைக் குறுக்கே கோடு போட்டுக் காட்டினார். காய்ச்சல் கூடினால் அதுவரையும் பொறுக்க முடியாது என்றும் சொன்னார்.

அப்படியானால் என் கால் ரிஸ்வானாவின் கையில் இருந்தது. எனக்கு வந்த முதல் யோசனை கால் பிழைக்குமா என்பதல்ல. வெசாக் வருகிறதே என்பதுதான்.

வெசாக் என்றால், புத்தர் பிறந்த பௌர்ணமிப் பண்டிகை, கண்டியில் ஊரே வெளிச்சமாகிவிடும், ஆனால் இறைச்சிக் கடைகள் பூட்டிவிடும். ஞாயிறும் திங்களும் மாடு அறுக்க முடியாது, விற்க முடியாது. கண்டியில் கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமையே சரக்கை முடித்துவிடுவார்கள். ஈரல் இல்லாமல் முட்டை இல்லை, முட்டை இல்லாமல் புழு இல்லை. ஒவ்வொரு வருடமும் வெசாக்கை நான் எப்படிக் கடந்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். மலேசியாவில் வெசாக்குக்கு ஈரல் வாங்குவது எப்படி என்று பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். போன் வரும், மிஸ் ஈரலுக்கு என்ன செய்றது என்று கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் கேட்க வேண்டும். கேட்டால் சொல்லக்கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். வெட்டப்படப் போவது என் கால் என்பது அந்த யோசனைக்குள் வரவே இல்லை. பொறாமை அப்படித்தான், அதற்குக் கால் கை தெரியாது.

போன் வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நானே எடுத்தேன். சீனி எவ்வளவு, காய்ச்சல் இருக்கிறதா என்றெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் நான்தான் ஈரல் பற்றிக் கேட்டேன். அவளுடைய நானா, அதாவது மூத்த சகோதரர், பிலிமத்தலாவையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அறுத்ததில் ஒரு முழு ஈரலை அவளுக்கென்று ஒதுக்கி, அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முட்டை காலையிலேயே இட்டுவிட்டது, நிறைய என்றாள். நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். நான் மழையில் நனைந்து, சந்தைக் கடைகளில் கெஞ்சி வாங்கிய ஈரல் அவளுக்கு வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் தபால் கந்தோரில் வேலை. வெசாக் லீவில் வத்தேகமயிலிருந்து வருவதற்கு அவருக்குப் பாதி நாள் போய்விடும், தெருவெல்லாம் தன்சல், இலவசச் சாப்பாட்டுக்கு வாகனங்கள் நின்றுவிடும். வந்தால் குரக்கன் ரொட்டியும் வல்லாரைச் சம்பலும் தட்டில் வைத்துவிட்டு, என் நல்ல காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். மகளின் முகக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிடித்து உள்ளங்காலை விரல்விரலாகப் பார்ப்பார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, வாட்டில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரு மாதம் பக்கத்தில் படுத்தவள் காலில் என்ன என்று பார்க்கவில்லையே என்ற கவலை அவருக்கு. அதை அவர் சொல்லவில்லை, கண்ணாடி பிடிக்கும் கையில் தெரிந்தது. வெளியில் வாங்கச் சொன்ன ஊசி மருந்துக்காக மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கியதையும் அவர் சொல்லவில்லை, வாட்டுக்கு வந்த என் தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

இவ்வளவு நல்ல மனிதர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்தார். ஒன்று எனக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன். லீவு நாளிலும் அந்தப் பிள்ளை ஈ அறையில் தனியாக இருக்கிறதாமே, பாவம், மகள் சமைத்ததில் கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள் என்றார். என் மகள் சமைத்த சாப்பாடு. எத்தனை வெசாக் நான் அந்த அறையில் பசியோடு இருந்தேன், யார் பொதி கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். அவர் பொதியை எடுத்துக்கொண்டு போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார், மிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு என்று அந்தப் பிள்ளை சொன்னதாம், சிரித்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் ஏறியது. பாதத்தின் மேல்பக்கம் சிவந்து வீங்கியது. தாதி ஒருத்தி பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டுவிட்டுப் போனாள், கோட்டைத் தாண்டினால் உடனே சொல்லச் சொன்னாள். வாட்டு யன்னலுக்கு வெளியே வெசாக் காகித விளக்குக் கூடுகள் நிறம்நிறமாக ஆடிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பயம் முழுதாக வந்தது. ஒற்றைக் காலோடு பஸ் படி ஏறுவது எப்படி, வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு எத்தனை, மகளின் கலியாணத்தில் எந்தக் கதிரையில் என்னை உட்காரவைப்பார்கள் என்றெல்லாம் யோசனை ஓடியது. ரிஸ்வானாவின் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் முதல் தடவையாகச் சாமியிடம் கேட்டேன். கேட்கும்போதும் அவள் பெயரைச் சொல்லவில்லை, ஆய்வுகூடம் என்றுதான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வாட்டுக்கு வந்தாள். கையில் புழுப் போத்தல் இல்லை, போன் மட்டும் இருந்தது. கட்டிலருகே வந்து ஒரு படத்தைக் காட்டினாள். கிருமித் தட்டின் படம். தட்டு முழுவதும் சுத்தம், ஓரத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவில் ஒரு புள்ளி.

இங்கே படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டில் ஒரு புள்ளி என்றால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். மூடியைத் திறந்தபோது காற்றிலிருந்து ஏதாவது விழுந்திருக்கலாம், அப்படியானால் புழு சுத்தம். அல்லது புழுவின் மேலேயே கிருமி இருந்திருக்கலாம், அப்படியானால் அந்தத் தொகுதியைப் புண்ணில் வைப்பது கிருமியைக் கையால் எடுத்து வைப்பதற்குச் சமம். எது என்று அறிய இன்னும் நேரம் வேண்டும். எனக்கு நேரம் இல்லை.

"இது காத்துல வந்தது," என்றேன். "நான் எத்தனையோ பாத்திருக்கேன். கொண்டாந்து வைங்க."

"காலைலேயே அழிச்சிட்டேன் மிஸ்."

யாரைக் கேட்டு அழித்தீர்கள் என்று கேட்டேன். இதற்கு யாரைக் கேட்க வேண்டும், புள்ளி இருந்தால் வீச வேண்டும் என்று நீங்கள்தானே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள் என்றாள். உண்மைதான், என் கையெழுத்தில்தான் ஒட்டியிருந்தேன். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அதுவரை அவளை நான் நீங்க என்றுதான் அழைத்திருக்கிறேன்.

"நீ வேணும்னுதான் செஞ்ச. நான் ஒத்தக் காலோட வீட்ல கெடந்தா, அந்த ரூம் ஒனக்குத்தானே?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"எனக்கும் எரியுது மிஸ்," என்றாள். "மலேசியா போய்ட்டு வந்து எத்தன நாளாகுது. இன்னமும் எந்த டொக்டர் போன் எடுத்தாலும் புஷ்பா மிஸ் பாத்தாங்களான்டுதான் கேக்கிறாங்க. நான் பாத்தா போதாதா? மனசு எரியத்தான் செய்யுது. அதுக்காக ஒங்கட கால வெட்ட விடுவேனா?"

போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவளுக்கும் என்மேல் எரிகிறது என்று கேட்டதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பத்து நிமிடம் படுத்திருந்தேன். பிறகு நாளைக்குப் புதன்கிழமை என்பது ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். நான் இப்பவே வாறேன் என்றார் அவர்.

அவர் வருவதற்கு முன் டொக்டர் வந்தார். தியேட்டர் உடுப்போடேயே வந்திருந்தார். ரிஸ்வானா தியேட்டர் வாசலில் அவர் வெளியே வரும்வரை நின்றிருக்கிறாள். இரண்டாவது கூடு ஒன்று இருக்கிறதாம், சனிக்கிழமைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஈரல் வைத்தது, அதன் தட்டு நாளை மத்தியானம்தான் தெரியும். ஒரு நாள் தள்ளிப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் என் காலைப் பார்த்தார், பேனாக் கோட்டைப் பார்த்தார். சிவப்பு இன்னும் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை, காய்ச்சலும் ஊசியில் கொஞ்சம் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பட்டியலுக்கு மாற்றுகிறேன், அதற்குமேல் என்னால் முடியாது என்றார்.

இரண்டாவது கூடு. மலேசியாவிலிருந்து வந்ததும் அவள் சொன்ன முதல் யோசனை அதுதான், ஒரு தொகுதி கெட்டால் மறுநாள் தொகுதி கைகொடுக்கும், எப்போதும் இரண்டு கூட்டை ஒரு நாள் இடைவெளியில் ஓட்ட வேண்டும் என்று. ரெண்டு கூட்டுக்குத் தீனி போட இது என்ன கலியாண வீடா என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தேன். எனக்கு முட்டையைக் கையில் எடுத்தாலே தெரியும், ஒரு கூடு போதும் என்பது என் கட்சி. நான் படுத்த நாளே அவள் இரண்டாவது கூட்டைத் தொடங்கிவிட்டாள். காலையில் நான் அவ்வளவு பேசியபோதும் அதைப்பற்றி அவள் வாய் திறக்கவில்லை. தட்டு தெரியும்வரை தொகுதி என்று சொல்லக்கூடாது என்பதும் என் சட்டம்தான்.

புதன்கிழமை பின்னேரம் அவள் போத்தலோடு வந்தாள். தாதிகள் இருவர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். புண்ணைச் சுற்றி நல்ல தோலுக்குப் பசைத்தாள் ஒட்டினாள், புழுவின் நீர் நல்ல தோலில் பட்டால் எரியும். துணியில் புழுக்களை எடுத்துப் புண்ணுக்குள் விட்டாள், மேலே மெல்லிய வலை, ஓரமெல்லாம் ஒட்டு, அதற்குமேல் தளர்வாகப் பஞ்சு. புழுவுக்குக் காற்று வேண்டும், இறுக்கிக் கட்டினால் செத்துவிடும். நான் தலையணையில் சாய்ந்து ஒரு பிழைக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலையை மடிக்கும்போது பிழை விடுவாள் என்று நினைத்தேன், விடவில்லை. பஞ்சை அதிகம் ஈரமாக்குவாள் என்று நினைத்தேன், ஆக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவளுக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு அந்த மனிதரைக் கட்டிலிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

புழு இருக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அவை பெருத்துவிடும். மரத்துப்போன காலிலும் எங்கோ ஆழத்தில் சுருக்குச் சுருக்கென்று இருக்கும். வலி மாத்திரை கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பஞ்சில் கபில நிறத் தண்ணீர் ஊறும், வாடை வரும், அது கரைந்த சதை, பயப்பட ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் இன்னொரு கஷ்டம் இருந்தது. அவை வேலை செய்வது எனக்குத் தெரிந்தது. என் தொகுதிகள் இவ்வளவு விரைவாகப் பெருத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை டொக்டர் வந்தார், கூட இரண்டு இளம் டொக்டர்கள், தாதி, ரிஸ்வானா. வலையைப் பிரித்து, கொழுத்துப் போயிருந்த புழுக்களை உப்புநீரால் கழுவி எடுத்தார்கள். எடுத்தவற்றை ரிஸ்வானா ஒரு போத்தலில் அடைத்தாள். கறுப்பு எங்கேயும் இல்லை. குழி முழுவதும் சிவப்பு, ஈரமான நல்ல சிவப்பு. டொக்டர் அதை விரலால் அழுத்தினார், இரத்தம் கசிந்தது. இரத்தம் கசிந்தால் சதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பட்டியலில் என் பெயரை வெட்டச் சொன்னார், கால் இருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு டொக்டர் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், புஷ்பா மிஸ் படுத்த படுக்கையில் இருந்தே வேலையை முடித்துவிட்டீர்களே, இந்த நாட்டில் உங்கள் கைக்கு ஈடு இல்லை என்று. எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரிஸ்வானா சிங்களத்தில், எல்லாம் மிஸ்ஸின் முறைதான் சேர் என்றாள்.

அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. நல்லவளாக இருக்கக் கிடைத்த ஒரே ஒரு சந்தர்ப்பத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஆனால் புள்ளி விழுந்த தட்டை அவள் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள், அவள் கையில் இருந்த போனில் அன்று காலை வந்த முடிவு இருந்தது, உள்ளே வரும்போதே எனக்குக் காட்டியிருந்தாள். அந்த ஒற்றைப் புள்ளி காற்றிலிருந்து வந்ததல்ல. பச்சைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமி, சூடோமோனாஸ், புழுவின் மேலேயே இருந்தது. நான் கேட்டபடி செவ்வாய்க்கிழமை அதை வைத்திருந்தால் இன்று வெட்ட முன்பாதி மட்டும் போதாமல் போயிருக்கும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஈ அறை எனக்கே இருந்திருக்கும்.

"இல்ல சேர்," என்றேன், தமிழில்தான் வந்தது, பிறகு சிங்களத்தில் சொன்னேன். கெட்ட தொகுதியை வைக்கச் சொன்னவள் நான், அழித்தவள் இவள், இரண்டாவது கூடும் இவளுடையது, அதை நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். என்னிடம் விட்டிருந்தால் என் காலை நானே வெட்டக் கொடுத்திருப்பேன். சொல்லி முடித்ததும் டொக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு ரிஸ்வானாவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் என்னை முறைத்தாள், ஏன் சொன்னீர்கள் என்பதுபோல. எனக்கு அந்த முறைப்பு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டொக்டர் நியாயமான ஆள், கேட்டதைக் கேட்டபடி மேலே சொன்னார். நான் வீட்டில் இருந்து புண் ஆறும் மாதங்களில் ஈ அறைக்குப் பொறுப்பாக ரிஸ்வானாவை நியமித்தார்கள். தங்கச்சி வந்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று திட்டினாள். இருந்திருக்கலாம்தான்.

வேலைக்குத் திரும்பிய அன்று ரிஸ்வானா ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இப்போது விதி அப்படி, ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அந்த இரண்டாவது ஆள் நான். உட்காருங்க மிஸ், கால் வலிக்கும் என்று கதிரையை இழுத்தாள். வேண்டாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு யன்னல் வெளிச்சத்துக்குப் போனேன். சாய்த்துப் பார்த்தேன், சுற்றிப் பார்த்தேன், ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது, அவள் பொறுமையாக நின்றாள்.

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

அவ்வளவு சுத்தமான தட்டு என் காலத்தில் அந்த அறையில் வந்ததில்லை. கையெழுத்துப் போட்டேன். வயிறு எரிந்தது. இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டுதான் எரிந்தது.